கூடத்துக்கு ஒரு வெள்ளை

மார்ச் 3

பெயிண்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். கூடத்துச் சுவரைத் தட்டி, நகத்தால் சுரண்டி, "எத்தனை வருஷமா இந்தப் பச்சை?" என்றார். சின்னவள் எடுத்த பச்சை. திரைச்சீலை, சோபா உறை, குளியலறை வாளி, இந்த வீட்டில் எல்லாமே என் தங்கையின் தேர்வுதான். ஐம்பது வயதுக்கு மேல் கல்யாணம் செய்துகொண்டு ஜனவரியில் கணவர் ஊருக்குப் போய்விட்டாள். நல்ல மனிதர், மனைவியை இழந்தவர். நான்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

"வெள்ளை அடிச்சிடுங்க" என்றேன்.

"எந்த வெள்ளைம்மா?"

முழித்தேன். நான் முழிக்கக் கூடாத கேள்வி அது. பல் கட்டும் லேபில் வேலை எனக்கு. நாள் முழுக்கப் பீங்கான் பல்லுக்கு நிறம் பொருத்துகிறவள்.

மார்ச் 5

கடையில் வண்ண அட்டை கொடுத்தார்கள். முத்து, பால், தந்தம், மேகம்... பெயர் வைத்தவர் கவிதை எழுதப் போயிருக்க வேண்டியவர். ஒன்றில் மஞ்சள் ஒளிந்திருக்கிறது, ஒன்றில் நீலம், ஒன்றில் சாம்பல். எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. எது வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. லேபில் சுலபம். பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போனால் சரி.

மார்ச் 8

சுவரில் கட்டம் கட்டமாகச் சில வெள்ளைகளைப் பூசிவிட்டுப் போனார் பெயிண்டர். காலையில் முத்து அழகு. மதியம் வாசல் மரத்தின் இலைப் பச்சை ஏறி, சோகை பிடித்தது போல ஆகிவிட்டது. மாலையில் சிவப்புத் தரையின் நிறத்தை வாங்கிக்கொண்டு தந்தம் வெட்கப்படுகிறது. "இங்க வந்து பாரேன்!" என்று உள்ளறைப் பக்கம் குரல் கொடுத்துவிட்டேன். அப்புறம் போய் அவள் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

மார்ச் 9

ஞாயிறு. யாரிடமும் பேசவில்லை.

மார்ச் 11

சின்னவளுக்குப் போன் செய்தேன். பின்னால் பாத்திரச் சத்தம், அவர் எதையோ எங்கே என்று கேட்கும் சத்தம்.

"வெள்ளைதானேக்கா? ஏதோ ஒண்ண அடிச்சிடு. யார் வந்து பாக்கப் போறா?"

வேண்டுமென்று சொல்லியிருக்க மாட்டாள். தெரியும். ஆனா யார் வந்து பாக்கப் போறான்னா என்ன அர்த்தம்? நான் பாக்க மாட்டேனா? நான் ஒரு ஆள் இல்லையா? காலைல எழுந்ததும் அந்தச் சுவத்துல முழிக்கப் போறது நான்தானே! — இதையெல்லாம் கேட்டேனா? "சரி, வெச்சிடறேன்" என்றேன்.

மார்ச் 12

இருப்பதிலேயே பளிச்சென்ற வெள்ளையை அடிக்கச் சொல்லிவிட்டேன். கோபம்தான்.

மார்ச் 15

முடித்துவிட்டார். பல் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது. வாயைத் திறந்துகொண்டு உட்கார வேண்டியதுதான் பாக்கி. டம்ளரை வைத்தால்கூட எதிரொலிக்கிறது. முகம் கழுவப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

மார்ச் 18

"திரும்ப அடிக்கணும்" என்றேன். பெயிண்டருக்கு எரிச்சல்.

"நீங்க சொன்னதைத்தானேம்மா அடிச்சேன்? இந்த தடவையாவது வீட்ல எல்லாரையும் கேட்டுட்டுச் சொல்லுங்க. அப்புறம் அவருக்குப் பிடிக்கல, இவருக்குப் பிடிக்கலன்னு..."

"நான் மட்டும்தாங்க இருக்கேன்."

வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல்முறை.

"அப்ப லேசுல முடிஞ்சிடும்" என்றார். அவருக்கு லேசு.

மார்ச் 22

லீவு போட்டேன். அட்டைத் துண்டுகளில் வெள்ளைகளைப் பூசி, ஒவ்வொன்றாகச் சுவரில் சாய்த்துவைத்து, விடிந்ததிலிருந்து விளக்குப் போடும் வரை உட்கார்ந்திருந்தேன். யாராவது பார்த்திருந்தால் கழன்றுவிட்டது என்பார்கள். நிழல் விழும் மூலையிலும் சோர்ந்துபோகாத ஒன்று இருந்தது. துளி மஞ்சள், அதைவிடக் குறைவாகச் சாம்பல். ஏன் இது என்றால் சொல்லத் தெரியாது. பிடித்திருந்தது.

ஏப்ரல் 6

சின்னவள் வந்தாள், தனியாக. "பையை எங்க வெக்கட்டும்க்கா?" என்றாள். அவள் வீட்டில்! எங்கோ சுருக்கென்றது.

புது வெள்ளை அடித்த கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"நீயா எடுத்த?"

"பின்ன?"

சட்டென்று அழ ஆரம்பித்துவிட்டாள். சண்டையா, ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"சேச்சே. தங்கமான மனுஷன்க்கா."

அந்த வீட்டுச் சுவரெல்லாம் ரோஸாம். முதல் மனைவி ஆசை ஆசையாய் எடுத்தது. அடித்து முடித்த வருடமே அந்த அம்மா இறந்துபோனாராம்.

"மாத்தலாமான்னு எந்த வாயால கேப்பேன்? விருந்தாளி மாதிரி ஓரமா உக்காந்திருக்கேன். அன்னைக்கு நீ போன் பண்ணி எந்த வெள்ளைன்னு கேட்டியா... பொறாமையா இருந்துச்சுக்கா. அதான் வெடுக்குனு சொல்லிட்டேன்."

தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இத்தனை நாளும் நான்தான் தனியாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 7

பஸ் ஏற்றிவிட்டேன்.

"அவர்கிட்ட கேளு. வீடு முழுக்க வேணாம், நீங்க படுக்கிற அறை மட்டும்."

"மூஞ்சி மாறிட்டா?"

"மாறட்டும். கேளு."

தலையாட்டினாள். கேட்பாளா?

ஏப்ரல் 20

போன். அவள் இல்லை, அவர்.

"உங்க தங்கச்சி ரூமுக்குப் பெயிண்ட் மாத்தணும்னு கேட்டா. கேட்டதும் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. அடுத்த வாரம் ஆள் வரார். நீங்களும் வந்து இருந்தீங்கன்னா நல்லாருக்கும். அவளுக்குத் தைரியமா இருக்கும்." போனை வைக்கும் முன், "எனக்கும்" என்றார்.

ஏப்ரல் 28

அவர்கள் வீடு. அறையிலிருந்த சாமானெல்லாம் கூடத்தில் குவிந்து கிடக்கிறது. பெயிண்டர் டப்பாவைத் திறந்ததும், அவர் அந்த ரோஸ் சுவரை ஒருமுறை தடவிவிட்டு வெளியே போனார். சின்னவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் அவர் பின்னாலேயே போனாள்.

நான் போகவில்லை. ஜன்னல் வழியே தெரிந்தது: இருவரும் படியில், பக்கத்தில் பக்கத்தில்.

"ஆரம்பிக்கலாமாம்மா?" என்று பெயிண்டர் என்னைக் கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்க. அவங்க வரட்டும்."