உஷ் சொல்கிறவன் பாக்கெட்டில் பாடிய போன்

நாஷ்வில்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள கோரினுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் என் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லா வகையிலும் சுகம், அங்கே நியூசிலாந்தில் நீயும் உன் ஆட்டு நோயாளிகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிய ஆசை. சனிக்கிழமை நீ கூப்பிட்டபோது நான் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வெட்டிவிட்டேன் என்று அம்மாவிடம் குறைபட்டாயாம். வெட்டியது உண்மைதான். போனில் விளக்கினால் நீ பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்து மீதியைக் கேட்கமாட்டாய், அதனால்தான் கடிதம். எழுத்துப் பிழை பார்த்துத் தருகிறேன் என்று அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டாள், நான் கொடுக்கவில்லை, பிழையோடு படித்துக்கொள்.

நெல்டாவின் லாந்தர் ரூம் உணவுவிடுதியில் எனக்கு என்ன வேலை என்று உனக்குத் தெரியும். ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த ஒரே பதவி, பாட்டு எழுதுகிறவர்கள் தாங்களே பாடும்போது பேசுகிறவர்களுக்கு உஷ் சொல்வது. சலவைக்கடைக்கும் நகம் தீட்டும் கடைக்கும் நடுவே அடைபட்ட அந்தச் சின்ன அறையில் நாலு நாற்காலியை நடுவில் வட்டமாகப் போட்டுவிட்டால் பரிமாறுகிற பெண் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும், அதில் நான் வேறு வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு உலாத்துவேன். வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் போனை அணைத்தீர்களா என்று கேட்கிறவனும் நான்தான். என்னிடம் அதைக் கேட்க ஆளில்லை. சனிக்கிழமை மாலை ஆறு மணி நிகழ்ச்சியில், பாட்டு நடுவில், அறை முழுக்க மூச்சுச் சத்தம்கூடக் கேட்காத நேரத்தில் அடித்தது யார் போன் என்று நீயே ஊகித்துக்கொள். அதுவும் சாதாரண மணியா. போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ கூப்பிட்டால் மட்டும் உன் குரலே பாடுகிற மாதிரி வைத்துவிட்டுப் போனாயே, அது.

முதலிலிருந்து சொல்கிறேன். அன்றைக்கு வட்டத்தில் உட்கார்ந்த நாலு பேரில் ஒருவன் வெண்டல். பெயரைப் பார்த்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிடாதே, மேலே படி. நீங்கள் இரண்டு பேரும் நம் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினீர்களே, சரளை ரோட்டுத் தூசி, அந்தப் பாட்டை இப்போது ரேடியோவில் போடுகிறார்கள் என்று அம்மா சொல்லியிருப்பாள். தபால்காரன் வண்டித் தூசியையும் உன் தூசி என்று நினைத்துக்கொள்கிறேன் என்று வருமே அந்த இடத்தில் அவள் ஒவ்வொரு முறையும் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு நிற்கிறாள், நேற்று பீன்ஸ் வேகவே இல்லை. பாட்டு உரிமைக் காகிதத்தில் உன் பெயர் இருக்கிறது, அதில் ஒரு வம்பும் கிடையாது. ஆனால் இந்த ஊரில் காகிதத்தை யார் பார்க்கிறார்கள், அந்த வட்டத்தில் உட்கார்ந்து யாரோடு சேர்ந்து எழுதினேன் என்று வாயால் சொன்னால்தான் சொன்னதாக அர்த்தம், இது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். நீ கால்நடை மருத்துவ வேலை கிடைத்துக் கிளம்பிய நாளில் அவன் உன்னைப் பார்த்து, எதையும் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவள் என்று சொன்னதும், நீ கிதாரை அம்மாவின் அலமாரிக்குள் தள்ளிவிட்டுப் போனதும் எனக்கு மறக்கவில்லை. இவன் உன் பெயரைச் சொல்லமாட்டான் என்று முடிவே கட்டிவிட்டேன். சொல்லாமல் பாடினால் நானே எழுந்து சொல்லிவிடுவது என்று ஒரு வாரமாகக் கொட்டகையில் புல்வெட்டும் இயந்திரத்துக்கு முன்னால் நின்று பழகினேன். அம்மா கேட்டுவிட்டு, "ஏங்க, ஊர் வாயை மூட வைக்கிற ஆளு நீங்க, நீங்களே கத்தினா நெல்டா யாரைக் கூப்பிட்டு உங்களை வெளிய தள்ளுவா" என்றாள். நான் இயந்திரத்தைக் கிளப்பிவிட்டேன்.

முதலில் ஓபல் பாடினாள். அறுபது வயதைத் தாண்டியும் வாய் குறையவில்லை, தன்னை விட்டுப் போன மூன்று கணவர்களும் தனக்குத் தலா ஒரு நல்ல பாட்டு கொடுத்ததாகவும், நாலாவது ஆள் நல்லவராக அமைந்துவிட்டதால் பிழைப்பே போச்சு என்றும் சொன்னாள். அடுத்து வெண்டல். இளைத்திருக்கிறான், தாடி வைத்திருக்கிறான், அது அவனுக்குப் பொருந்தவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். கிதாரை மடியில் வைத்துக்கொண்டு, "இது ஒரு வீட்டுச் சமையலறையில எழுதின பாட்டு. அந்த வீட்டு ஐஸ் டீயில சர்க்கரை எவ்வளவுன்னா, ஸ்பூன் நட்டுக்கிட்டு நிக்கும். வீட்டுக்காரர் பஸ் டிரைவரு. ஒவ்வொரு வரிக்கும் கதவுல தலையை நீட்டி, முடிஞ்சுதா, முடிஞ்சுதான்னு கேப்பாரு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களை ஏத்துற மாதிரி" என்றான். அறையே சிரித்தது. நான் பின்சுவரோடு சுவராக நின்றேன். டீயைச் சொன்னான், என்னைச் சொன்னான், மேசைக்கடியில் குசு விட்டுக்கொண்டு படுத்திருந்த நம் நாயைக்கூடச் சொன்னான். உன்னைச் சொல்லவில்லை. சொல்லாமலே பாட ஆரம்பித்துவிட்டான்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. முதல் சரணம் முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று மூச்சை இழுத்தேன், வாயைத் திறந்தும்விட்டேன், அப்போதுதான் என் கால்சட்டைப் பையிலிருந்து நீ பாடினாய். சரியாக அதே பாட்டு, அதே பல்லவி, பின்னால் நம் ஃப்ரிட்ஜின் உறுமலோடு. நூறு தலை திரும்பியது. முன் மேசையில் ஒருத்தி எனக்கே உஷ் என்றாள், அவளுக்கு நான் ஐந்து நிமிடம் முன்புதான் உஷ் சொல்லியிருந்தேன், பழி தீர்த்துக்கொண்டாள். நான் போனை வெளியே எடுத்து இப்படியும் அப்படியும் திருப்புகிறேன், நீ நிறுத்துவதாக இல்லை. வெண்டல் பாடுவதை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டான். உன் சுருதி வேறு, அவன் சுருதி வேறு. கிதாரின் கழுத்தில் மாட்டியிருந்த கவ்வியைப் பட்டென்று இரண்டு கட்டம் மேலே நகர்த்தி உன் சுருதிக்கு வந்து, உன் குரலுக்குக் கீழே மெதுவாக வாசிக்க ஆரம்பித்தான். ஓபலும் மற்ற இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். என் உள்ளங்கையில் ஒரு போன், அதற்கு நாலு கிதார் பக்கவாத்தியம். நீ கடைசி வரியை இழுத்து முடித்தாய், அதன் பிறகுதான் வெட்டினேன்.

ஓபல், "உஷ் சாமி, எங்களுக்கெல்லாம் நீங்க உஷ் சொல்றீங்க, உங்க பாக்கெட்டுக்கு யாரு சொல்றது" என்றாள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து வெண்டல் சொன்னான், "இப்ப கேட்டீங்களே, அவதான் கோரின் டாக்கெட். இந்தப் பாட்டுல பாதி அவளோடது. நல்ல பாதி." பிறகு முதலிலிருந்து பாடினான், உன் சுருதியிலேயே, அது அவன் குரலுக்கு எட்டவில்லை, இருந்தும் விடவில்லை. கைதட்டினார்கள் பார், பக்கத்துக் கடையில் நகம் தீட்டிக்கொண்டிருந்த பெண் ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

நிகழ்ச்சி முடிந்து கார் நிறுத்துமிடத்தில் வெண்டல் என்னிடம் வந்தான். "சார், பாட்டு முடிஞ்சதும் அவ பேரைச் சொல்றதாத்தான் இருந்தேன். முன்னாடியே சொன்னா ஜனங்க பாட்டு முடியறதுக்குள்ள மறந்துடுவாங்க. நீங்க வாயைப் பிளந்துக்கிட்டு நின்னதைப் பாத்தேன், என்னைக் கடிக்க வர்றீங்களோன்னு பயந்துட்டேன்" என்றான். நம்பினீர்களா அப்பா என்று கேட்பாய். பாதி நம்பினேன், அவன் சுருதி மாற்றியதை நினைத்த பிறகு மீதிப் பாதியும் கிட்டத்தட்ட நம்பிவிட்டேன். இன்னும் எழுதுகிறாளா என்று கேட்டான், ஆடுகள் விட்டால்தானே என்றேன். நீ கிளம்பிய அன்றைக்குச் சொன்ன வார்த்தைக்காக உன்னிடம் நேராகப் பேச வேண்டுமாம், நம்பர் கேட்டான். "அவ சரின்னு சொன்னாத்தான் தருவேன், நான் பஸ் டிரைவர், யாரை ஏத்தணும்னு எனக்குத் தெரியும்" என்று கொஞ்சம் முறுக்கிக்கொண்டேன். தரலாமா கூடாதா என்பதை நீதான் எழுத வேண்டும். எதுவானாலும் அப்பாவுக்குச் சம்மதம், ஆனால் தாடியை எடுக்கச் சொல்.

நெல்டா என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. ஊறுகாய் முட்டை வைத்திருந்த காலி ஜாடி ஒன்றைக் காட்டி, இனிமேல் வேலைக்கு வந்ததும் போன் இதற்குள் போக வேண்டும் என்றுவிட்டாள், என் போன் இப்போது வினிகர் வாசம் அடிக்கிறது. ஒரு பொத்தானை அமுக்க இவ்வளவு நேரமா என்று வேறு கேட்டாள். கண்ணாடி போடவில்லை, பொத்தான் தெரியவில்லை என்றேன். நீயும்தான் எப்போதும் திட்டுகிறாய், ஏன் அப்பா போனை எடுக்க இத்தனை நேரம் என்று, முழங்கால் என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சோளரொட்டிக்கு மோர் எவ்வளவு என்று கேட்கத்தான் அன்றைக்குக் கூப்பிட்டாயாம். ஒன்றரைக் கப், மாவை ஊற்றும் முன் இரும்புச் சட்டி புகைகிற அளவுக்குச் சூடாக இருக்க வேண்டும், சர்க்கரை போட்டால் இந்த வீட்டுப் பெண்ணே இல்லை, இது அம்மா சொல்லச் சொன்னது. ஈரத்தில் நின்று வேலை செய்கிறாய், இரண்டு ஜோடி காலுறை போடு. கிதாரை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்துப் புதுக் கம்பி மாட்டி வைத்திருக்கிறேன், அவசரம் ஒன்றும் இல்லை, கம்பி துருப்பிடித்தால் மறுபடி மாட்டுவேன். கடவுள் உன்னையும் உன் கையில் பிறக்கிற குட்டிகளையும் நன்றாக வைத்திருக்கட்டும்.

நெல்டாவிடமோ வெண்டலிடமோ அம்மாவிடமோ நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. கண்ணாடி என் மூக்கின் மேலேதான் இருந்தது. அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அன்றைக்கு முழு நேரமும் கட்டைவிரல் அதன் மேலேதான் இருந்தது. வீட்டிலும் நீ கூப்பிடும்போதெல்லாம் போன் என் கையில்தான் இருக்கும், நீ அந்தக் கடைசி வரியை முடிக்கட்டும் என்றுதான் எடுக்காமல் இருக்கிறேன்.

உன் அப்பா,
ஆர்வில் டாக்கெட்