மூடியின் உட்புறத்தில் உங்கள் பெயர்

புவனா அக்கா அந்த ரீவி கேம் பெட்டியைப் பழைய துவாய் ஒன்றில் சுற்றி, இந்த வெளிநாட்டு நகரின் மறுகோடியான லாசாலிலிருந்து கொண்டுவந்தார். மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டபோது உடுப்புகளோடு வந்ததாம். இத்தனை வருடமாக அலுமாரிக்கு மேலே கிடந்திருக்கிறது.

"நீ கொம்பியூட்டர் வேலைதானே புள்ள, கழட்டிப் பாரன். நாங்களும் கேம் விளையாடினம் எண்டா என்ட புள்ளைகள் நம்புதுகள் இல்ல."

"இங்கத்த ரீவியில இதுட படம் விழாது அக்கா."

"விழாட்டி மேல பூச்சாடிய வைக்கிறன்."

அவர் போனபிறகு நான்கு திருகாணிகளையும் கழற்றினேன், அண்ணா. மூடியைத் திருப்பினால், உட்புறத்தில் மங்கிய கறுப்பு மார்க்கரில் உங்கள் முழுப் பெயர். கீழே உங்கள் கடை இருந்த தெரு. எழுத்து என்னுடையது. பதினொரு வயது எழுத்து.

எங்கள் நாட்டுக்கு எந்தக் கம்பனியும் இவற்றை நேரே அனுப்பாது என்பீர்கள். முதலில் சிங்கப்பூர் போய் வந்தவர்களின் சூட்கேசில் சேலைகளுக்கு நடுவே ஒன்றிரண்டு வந்தன. பிறகு பெயரே இல்லாத போலிகள் பெட்டி பெட்டியாகப் புறக்கோட்டைச் சந்தைக்கு வந்து இறங்கின. புறக்கோட்டையிலிருந்து மட்டக்களப்புக்கு நீங்கள்தான், பஸ்ஸில். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி, மூடியைத் திறந்து, உள்ளே ஒரு பச்சை மின்சுற்றுப் பலகையைத் தவிர ஒன்றுமில்லை என்று காட்டவேண்டும். ஒரு ஆமிக்காரன் காவலரணில் இருந்த ரீவியில் வயரைப் பூட்டச் சொல்லி, விளையாடித் தோற்றுக்கொண்டே இருந்தானாம். "அவன வெல்ல விட்டிருந்தா முந்தின பஸ்ஸுக்கு வந்திருப்பன்" என்றீர்கள்.

பழுதானால் போய்க் கேட்கக் கம்பனி இல்லை. "நான்தான் உத்தரவாதம்" என்று சொல்லி விற்றீர்கள். வேறு கடையில் வாங்கியதையும் உங்களிடம் கொண்டுவந்து சண்டை பிடித்தார்கள். அப்போது நான் சொன்னேன்: "அண்ணா, பள்ளிக்கூடக் கொப்பியில எழுதுற மாதிரி உள்ளுக்குப் பேர எழுதினா என்ன?"

"மூளைக்காரி!" தலையில் ஒரு குட்டு விழுந்தது. உங்கள் எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும் என்பதால் மார்க்கர் என் கைக்கு வந்தது. சரக்கு வருகிற பின்னேரங்களில் நீங்கள் கழற்றித் தருவீர்கள், நான் எழுதுவேன். அம்மாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. "நாடு கிடக்கிற கிடையில ஊரெல்லாம் பேர விட்டுட்டு வாறியே மகன்." நாங்கள் சிரித்தோம்.

ஒரு மத்தியானம் சீருடை இல்லாத இருவர் வந்தார்கள். ஒருவன் கையில் மூடி மட்டும் இருந்தது. யாருடைய வீட்டையோ சோதித்தபோது எடுத்ததாம்.

"இது உன்ட பேர்தானே?"

"ஓம். நான் வித்தது."

"ஆரு எழுதினது?"

"நான்தான்" என்றீர்கள். கதவடியில் நின்ற என் பக்கம் திரும்பவே இல்லை. அவர்கள் கூட்டிப்போகும்போது அம்மாவிடம்தான் சொன்னீர்கள்: "ரெண்டு பெட்டி திருத்தாமக் கிடக்கும்மா. பொறகு வந்து பாக்கிறன்."

அதன்பிறகு, காணாமற்போனவர்களைத் தேடும் எத்தனையோ படிவங்களில் உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன். என் எழுத்துத்தான் வடிவு என்று அம்மா என்னிடமே தருவார். கடல் கடந்து இந்தப் பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டுக்கு வந்தும் அவருடைய கேள்வி ஓயவில்லை. பாத்திரம் கழுவும்போது, மெற்றோவுக்குக் காத்து நிற்கும்போது, திடீரென்று கேட்பார்: "ஆரு அவனுக்கு இந்தப் புத்தியக் குடுத்தது?" நான் வேறு கதை எடுப்பேன்.

இன்று அந்த மூடியை ஒளிக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. தேநீரோடு வந்த அம்மா கோப்பையை வைத்துவிட்டு அதைக் கையில் எடுத்தார். பெயரின்மேல் விரல் ஓடியது. அதே கேள்வியைக் கேட்டார்.

"நான்தான் அம்மா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. நீங்கள் அன்று பார்க்காமல் நின்றதுபோலவே இருந்தது. பிறகு மூடியை என் முன்னால் தள்ளினார்.

"மங்கிப் போச்சு. திருப்பி எழுது."

எழுதினேன். பழைய கோடுகளின் மேலேயே, விலகாமல். கை அந்த வயதுக்கே போய்விட்டது. அடுத்த மூடியை நீங்கள் நீட்டுவீர்கள் என்று இடது கை தானாக நீண்டது.

திருகாணிகளை இறுக்கி ரீவியில் பூட்டிப் பார்த்தேன். சாம்பல் கோடுகள் மேலும் கீழுமாக உருண்டன, படம் விழவில்லை. புவனா அக்கா ஞாயிற்றுக்கிழமை எடுக்க வருவார். பூச்சாடி வைக்கட்டும். பழுதென்றால் யாரிடம் போவது என்று உள்ளே எழுதியிருக்கிறது.