அப்பாவின் மேலுதடு

2025 ஜனவரி 19, ஞாயிறு

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. பக்கவாதம் வலது கையையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. தாடி மட்டும் நிற்காமல் வளர்கிறது. அவனியாபுரம் ஸ்டாண்டில் இத்தனை வருடம் ஷேர் ஆட்டோ ஓட்டியவர், மழிக்காத முகத்தோடு ஒருநாளும் வண்டியை எடுத்ததில்லை. இப்போது இடது கையால் கன்னத்தைச் சொறிகிறார். என்னைக் கண்டதும் கையை இறக்கிவிடுகிறார்.

கடையில் பிளாஸ்டிக் ரேசர் வாங்கி வந்து, குளிக்கிற சோப்பைத் தேய்த்து இழுத்தேன். இரண்டு இடத்தில் ரத்தம். பி.காம். முடித்து என்ன? ஒரு கன்னத்தை ஒழுங்காக மழிக்கத் தெரியவில்லை.

ஜனவரி 22, புதன்

பீரோ மேல் அப்பாவின் தகர டப்பாவை எடுத்தேன். பிரஷ், கனமான ஸ்டீல் ரேசர், பிளேடு பாக்கெட், படிகாரக் கட்டி. எப்படிப் பிடிப்பது என்று மதியம் ஆபீஸில் வீடியோ பார்த்தேன். யாரும் பார்த்துவிடாமல் போனை மடியில் வைத்துக்கொண்டு.

ஜனவரி 23, வியாழன்

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை முகத்தில் போட்டதும் அப்பா நீளமாக ஒரு மூச்சு விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அப்படி ஒரு மூச்சை நான் கேட்டதில்லை.

பிரஷை டம்ளரில் ஊறவைத்து, கிண்ணத்தில் சோப்பைச் சுழற்றச் சுழற்ற நுரை தயிர் மாதிரி கெட்டியானது. சந்தன வாசம். ரேசரை அழுத்தவே வேண்டாம். அதன் கனமே போதும். சாய்வு சரியாக அமைந்தால் ஒரு சத்தம் வருகிறது, சர் சர் என்று, மணலில் யாரோ மெதுவாக நடப்பதுபோல. சாய்வு தப்பினால் சத்தம் நின்றுவிடும். கண்ணைவிடக் காதுதான் வேலை செய்கிறது.

கடைசியில் படிகாரத்தைத் தடவினேன். அப்பா இடது கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்து, ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார். 'சரி' என்பதற்கு அதுதான் அடையாளம்.

அவர் முகத்தை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. தாடைக்குக் கீழே ஒரு மச்சம் இருக்கிறது.

ஜனவரி 24, வெள்ளி

செவ்வாய், வெள்ளி கத்தி எடுக்கக்கூடாதாம். அம்மாவின் சட்டம். நாள் நீளமாக இருந்தது.

பிப்ரவரி 2, ஞாயிறு

பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரி அத்தை வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தது. "ஏண்டி மீனா, பொண்ணு பாக்க வாரவக என்ன தெரியும்னு கேட்டா, சேவிங் நல்லாப் பண்ணும்னு சொல்லிருவோமா?"

"மாப்ளைக்கு சலூன் செலவு மிச்சம் அத்தே" என்று என் வாயில் வந்துவிட்டது. நானா பேசினேன்? அத்தையே திகைத்துப்போனது. அப்பாவின் தோள் குலுங்கியது. சிரிப்பா, விக்கலா, தெரியவில்லை.

எல்லாரும் போனபிறகு மீதி நுரையை என் கன்னத்தில் பூசிப் பார்த்தேன். எவ்வளவு இதமாக இருக்கிறது! ஆண்கள் இதை ஏன் யாரிடமும் சொல்வதில்லை?

பிப்ரவரி 11, செவ்வாய்

வண்டியூரில் தெப்பத் திருவிழா. வருடா வருடம் அப்பா ஆட்டோவில்தான் போவோம். இந்த வருடம் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை.

மீசை ஓரத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். நுரை மூக்கில் ஏறி அப்பா தும்மினார். ரேசர் இடது பக்க மீசையில் பாதியைக் கொண்டுபோனது. சரிசெய்ய வலது பக்கம் கொஞ்சம் எடுத்தேன், மறுபடி இடது — மேலும் அசிங்கமானது. கண்ணாடியைக் காட்டி, "எடுத்துரவாப்பா?" என்றேன். கண்ணை மூடித் திறந்தார். எடுத்துவிட்டேன்.

நான் பிறந்ததிலிருந்து பார்த்திராத மேலுதடு. வெளுப்பாக, சின்னப் பையனுடையது மாதிரி. அப்பா கண்ணாடியைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் — சத்தமாக! இடது ஓரம் மட்டும் மேலே ஏறி, தொண்டைக்குள்ளிருந்து ஹ்ஹா, ஹ்ஹா என்று. வாதம் வந்தபிறகு அவரிடமிருந்து வந்த முதல் குரல். நானும் சிரித்தேன்.

சிரித்து ஓய்ந்தபிறகுதான் அம்மா மளிகைக் கடையிலிருந்து வந்தாள். பை கையிலிருந்து விழுந்தது.

"அவுக அப்பா போனப்ப எடுத்தாக. ஆத்தா போனப்ப எடுத்தாக. இப்ப யாருக்குடி எடுத்த? சொல்லுடி, யாருக்கு எடுத்த?"

அப்பாவின் உதட்டோரம் மிச்சமிருந்த சிரிப்பும் போனது.

பிப்ரவரி 18, செவ்வாய்

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்ப்பதில்லை. பக்கவாட்டில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி கஞ்சி ஊட்டுகிறாள். டப்பாவை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறாள். "அப்பா சிரிச்சாரும்மா" என்று சொன்னேன். "பொய் சொல்லாத. இந்தக் கோலத்துல எந்த ஆம்பள சிரிப்பான்?"

அந்தச் சிரிப்பைக் காதால் கேட்டிருந்தால் நம்பியிருப்பாள். இரண்டு நிமிடம் முன்னால் வந்திருக்கக்கூடாதா?

பிப்ரவரி 27, வியாழன்

மேலுதட்டில் கடுகு தூவினது மாதிரி முளைத்திருக்கிறது. கன்னத்திலும்தான். அம்மா வந்தால் அப்பா துண்டால் வாயை மூடிக்கொள்கிறார். தப்புச் செய்தவள் நான். ஏன் அவர் மூடிக்கொள்ள வேண்டும்?

மார்ச் 9, ஞாயிறு

அடுப்படியில் அம்மா, திரும்பாமலேயே: "எம்புட்டு வந்திருக்கு?"

"பாதிக்கு மேல வந்திருச்சும்மா."

"முழுசா வரட்டும்."

மார்ச் 13, வியாழன்

விடியும்போது அப்பாவுக்கு மறுபடியும் வந்தது. ஆம்புலன்ஸ் தெருவுக்குள் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மார்ச் 15, சனி

முந்தாநாள், அப்பாவைக் குளிப்பாட்டுவதற்கு முன், பெரியப்பா சலூன் அண்ணனைக் கூப்பிட்டிருந்தார். அவர் பையைத் திறக்கும்போது அம்மா எழுந்து உள்ளே போனாள். அரிசிப் பானை நகர்கிற சத்தம் கேட்டது. தகர டப்பாவோடு வந்து என் கையில் வைத்தாள்.

"பொம்பளப்புள்ள எதுக்கு, பாண்டியம்மா? ஊரு என்ன பேசும்?" என்று அம்மாவிடம் கேட்டார் பெரியப்பா.

"உசுரோட இருக்கையில அவதான பண்ணுனா. இப்பவும் அவளே பண்ணட்டும்." என்னிடம் மெதுவாக, "மீசையத் தொட்றாதடி" என்றாள்.

வெந்நீர், துண்டு, நுரை. சத்தம் சரியாக வந்தது. நீளமான அந்த மூச்சு மட்டும் வரவில்லை.

முடித்ததும் அம்மா குனிந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், நேராக, ரொம்ப நேரம். "மீச முழுசா வந்திருச்சுல்ல?"

"வந்திருச்சும்மா."

வந்திருக்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

பிரஷை அலசி ஜன்னல் கம்பியில் தலைகீழாகத் தொங்கவிட்டேன். யாருக்காக என்று அம்மா கேட்கவில்லை. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள், கீரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அன்னைக்கு உங்கப்பா சிரிச்சாகன்னு சொன்னியே. எப்படிச் சிரிச்சாக?"

சொல்லத் தெரியவில்லை. அதனால் செய்து காட்டினேன். வாயின் இடது ஓரத்தை மட்டும் தூக்கி, தொண்டைக்குள்ளிருந்து — ஹ்ஹா, ஹ்ஹா.

அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"இன்னொருக்கா செஞ்சு காட்டு" என்றாள்.