நாலு நூல் துணுக்கு

மதுரை, மேலமாசி வீதி,
4-2-1932

சங்கீத டீச்சர் ராதாமணி அம்மாளுக்கு, வெண்கலக் கடை நல்லகாமன் எழுதுவது. நலம். தங்கள் நலமும் அப்படியே இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை போர்டு கல்விக் கமிட்டி சார்பில் உங்கள் பள்ளிச் சாமான்களைப் பார்வையிட வந்தேன். நீங்கள் மூன்றாம் வகுப்பில் இருந்ததால் தொந்தரவு செய்யவில்லை. தம்புராவை நானே தூசி தட்டிப் பார்த்தேன். கம்பியைச் சுண்டினால் தகரத்தில் தட்டின மாதிரி இருக்கிறது. தலைச்சுமையாக வெண்கலக் கும்பா விற்றுக் கடை போட்டவன் நான். தட்டிப் பார்த்தே சரக்கின் யோக்கியதையைச் சொல்லிவிடுவேன். அந்த வாத்தியம் செத்துவிட்டது.

போர்டில் பணமில்லை. கூரை ஒழுகுகிறது, சிலேட்டு இல்லை. பாட்டு வகுப்பை நிறுத்திவிட்டுத் தம்புராவை ஏலம் விடலாம் என்று மார்ச் 12-ஆம் தேதிக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருகிறேன். உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. முகத்துக்கு நேரே சொல்வது என் பழக்கம்.

என் மகள் முத்துத்தாய் உங்களிடம் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். பாட்டு நேரத்தில் அவளைக் கடைசியில் உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொல்லவும்.

இப்படிக்கு,
நல்லகாமன்


பள்ளிக்கூடம், திருமங்கலம் ரோடு,
7-2-1932

மதிப்புக்குரிய அண்ணா அவர்களுக்கு, ராதாமணி நமஸ்காரம். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். என் தமிழில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலைவரை தம்புரா உயிரோடுதான் இருந்தது. கம்பிகளுக்கு அடியில், அவற்றைத் தாங்குகிற குதிரைக் கட்டை மேல், நாலு நூல் துணுக்குகள் இருந்தனவே, ஞாபகம் இருக்கிறதா? தூசி என்று நினைத்து நகத்தால் எடுத்து ஊதிவிட்டீர்களாம். பிள்ளைகள் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார்கள். அவை எங்கள் வீட்டுத் தறியில் அறுத்த பட்டு நூல். அதற்கு ஜீவா என்று பெயர். அது இல்லாவிட்டால் கம்பி வெறும் கம்பிதான்.

என் வேலைக்காக மன்றாடவில்லை. போனால் தறிக்குப் போவேன். இந்த முப்பத்திரண்டு பெண்களுக்கு வேறு எங்கே இது கிடைக்கும்? வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஒரு முறை வாருங்கள். ஒரு கும்பாவைத் தட்டிப் பார்க்கிற நேரம் போதும்.

ராதாமணி


மதுரை,
13-2-1932

டீச்சரம்மாவுக்கு,

நேற்று சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டேன். மரியாதைக் குறைவு இல்லை.

நாலு கம்பி என்று கண்ணால் எண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். நீங்கள் மீட்ட மீட்ட, நாலுக்கும் மேலே இன்னொன்று கேட்டது. மெல்லிசாக, தேன் வடிகிற மாதிரி, யாரோ பெண்பிள்ளை முனகுகிற மாதிரி. ஏதோ ஏமாற்று வேலை என்று நினைத்தேன். வியாபாரி புத்தி. திரும்பினால் கடைசியில் என் மகள் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தாள். “ஏய், வாயை மூடு கழுதை!” என்று அத்தனை பேர் முன்னால் அதட்டினேன். அவள் உதடு ஒட்டியேதான் இருந்தது. அப்புறமும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. தம்புராவின் பின்னால் குனிந்து பார்த்தேன், பிள்ளைகள் சிரித்தார்கள். அங்கே சுவர்தான் இருந்தது. அத்தனை பிள்ளைகளும் அதன்மேல் குரலை வைத்தபோது நான் கைகட்டி நின்றுவிட்டேன். கோயிலில்கூட அப்படி நின்றதில்லை.

கடைக்கு வந்து ஒவ்வொரு பாத்திரமாகத் தட்டினேன். இத்தனை வருஷமும் விரிசல் இருக்கிறதா என்று மட்டுமே கேட்டிருக்கிறேன் அம்மா. வேறு எதையும் கேட்டதில்லை.

அந்த ஐந்தாவது சத்தம் யார் போட்டது? மறைக்காமல் எழுதுங்கள்.

நல்லகாமன்


பள்ளிக்கூடம்,
16-2-1932

அன்புள்ள அண்ணாவுக்கு,

யாரும் போடவில்லை. நாலு கம்பியும் அதது இடத்தில் சரியாக நின்றால் அது தானாக வரும். ஒன்று மயிரிழை பிசகினாலும் வராது. எனக்கும் தினம் அதே ஆச்சரியம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நூல் நிற்க வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். நீங்கள் ஊதிவிட்டதற்குப் பதில் புது நூல் வைக்க நான் இரண்டு நாள் திண்டாடினேன். கணக்குப் போட்டுக்கொண்டிருந்த முத்துத்தாய் எழுந்து வந்து நாலையும் நகர்த்தி வைத்தாள். நீங்கள் கேட்டது அவள் வைத்த ஜீவா. நீங்கள் போனபின் ரொம்ப அழுதாள்.

தீர்மானம் உங்கள் பேரில்தான் அச்சாகி வந்திருக்கிறது.

ராதாமணி


மதுரை,
14-3-1932

அன்புள்ள தங்கச்சி ராதாமணிக்கு, அண்ணன் நல்லகாமன் ஆசீர்வாதம்.

கூட்டத்தை உங்கள் பள்ளியிலேயே வைக்கச் செய்தது நான்தான். தம்புராவை நேரில் பார்த்து ஏலத்துக்கு விலை மதிக்கலாம் என்று ஆசை காட்டினேன். நீங்கள் தம்புராவைக் கொடுத்துவிட்டு வெளியே போனபின் நடந்ததைச் சொல்கிறேன்.

தீர்மானத்தை வாபஸ் வாங்குகிறேன் என்றேன். மெம்பர் மலையாண்டி பிடித்துக்கொண்டார்.

“என்ன நல்லகாமண்ணே, போன மாசம் நீங்க அம்புட்டு நியாயம் பேசுனீங்க. இப்ப டீச்சர் மந்திரிச்சு விட்டுருச்சா?”

“மந்திரம்தான் மாப்ள. நீயும் கேளு. எத்தனை சத்தம்னு எண்ணிச் சொல்லு.”

முத்துத்தாயைக் கூப்பிட்டு நூலை எடுக்கச் சொன்னேன். மீட்டினாள், தகரம். மறுபடி ஒவ்வொன்றாக வைத்தாள். மெம்பர்கள் கிட்டே வந்தார்கள், மீட்டினாள். நாலு என்றார் மலையாண்டி. இல்லை, ஐந்து என்றார். அப்புறம் எழுந்து மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார்! எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஆனால் பணம் வேண்டுமே. மெம்பர்கள் கூட்டத்துக்கு வர வாங்குகிற வண்டிப்படியை ஒரு வருஷம் நிறுத்தினால் உங்கள் சம்பளம் வந்துவிடும் என்று அங்கேயே சொன்னேன். கூச்சல்தான். கடைசியில் ஆறுக்கு ஐந்து. மலையாண்டி நம் பக்கம் கை தூக்கினார். ஒரு வருஷம் பாட்டு வகுப்பு இருக்கும். அதற்கப்புறம் என் கையில் இல்லை.

திரும்பும்போது வண்டியில் மகளிடம், “ஒரு பாட்டுப் பாடு தாயி” என்றேன். “நீங்கதானே அய்யா வாயை மூடச் சொன்னீங்க” என்றாள். தப்பு என்னுதுதான் என்று அவளிடம் சொல்ல, காளவாசல் தாண்டுகிறவரை ஆயிற்று.

நேற்று கடைக்கு வந்தாள். ஒவ்வொரு கும்பாவாகத் தட்டிக் காதில் வைத்து, கடைசியில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். தம்புராவும் இதுவும் ஒரே சுருதியாம். அதைப் பள்ளிக்கு அனுப்புகிறேன். இனாம் இல்லை, என் சொத்தாகவே அங்கே இருக்கும். அடுத்த வருஷம் போர்டு தம்புராவை ஏலம் போட்டாலும் இதன்மேல் கைவைக்க முடியாது. இதைத் தட்டிவிட்டுப் பிள்ளைகள் பாடலாம்.

பாட்டு வகுப்புப் பதிவேட்டில் அவள் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். நாளைக் காலையில் கும்பாவை அவளே கொண்டு வருவாள். வாயைத் திறந்துகொண்டுதான் வருவாள்.

நல்லகாமன்