சிமெண்ட் தொட்டியில் ஒரு ஹெதர்

இன்று காலை குழாய் வாயில் படிந்திருந்த உப்பை மகள் வினிகர் ஊற்றித் தேய்த்தாள். அது நுரைத்துப் பொங்கியது. அந்தப் புளித்த வாடை கூடம் வரை வந்ததும் உங்கள் நினைவு வந்தது அக்கா. திருப்பூர்ச் சாயப்பட்டறையின் சோதனை அறையில் உங்கள் கைகளில் எப்போதும் அதே வாடைதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பட்டறைத் தண்ணீரைப் பற்றிச் செய்தி சேகரிக்க வந்த நான், உங்கள் மேசைக்கு மேல் தொங்கிய வெளிநாட்டுக் காலண்டரைப் பார்த்து நின்றுவிட்டேன். மலைச்சரிவெங்கும் முழங்கால் உயரம்கூட இல்லாத குத்துச்செடிகள், ஊதாப் பூக்கள்.

"ஹெதருங்க. இந்தப் பேர்ல வருசக்கணக்கா துணிக்கு ஊதாச் சாயம் போடறனுங்க. பூவைப் பார்த்ததில்லீங்க," என்றீர்கள். ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது உங்கள் ஆசை.

குன்னூர்த் தோட்டமொன்றிலிருந்து ஒரு செடியைப் பேருந்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தீர்கள். பனியைத் தாங்கும் செடி அது. நம் சுண்ணாம்பு மண்ணைத் தாங்காது, அமில மண் வேண்டும். தொட்டியில் தேயிலைத் தோட்டத்து மண்ணை நிரப்பி, தண்ணீரில் பட்டறை ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சோதனைத் தாளில் நிறம் பார்த்து ஊற்றினீர்கள். ஊற்றிய தண்ணீர் சரியாகத்தான் இருந்தது. அடியில் வடிந்த தண்ணீரில் மட்டும் தாள் நீலமாகியது, அமிலம் போய்க் காரம். இலைகள் மஞ்சளாகின. சீக்காளிக்கு ரசம் வைத்துக் கொடுப்பதுபோல இருக்கிறது என்று உங்கள் வீட்டுக்காரர் சிரித்தார். பூத்தால் செய்தி போடுகிறேன் என்று நானும் சீண்டினேன்.

ஒருநாள் உங்கள் கை தவறி, தண்ணீர் கலக்காத ஆசிட் தொட்டி விளிம்பில் சிந்தி நுரைத்தது. சிமெண்ட் தொட்டி. சிமெண்டிலும் சுண்ணாம்புதானே. குனிந்து அந்த நுரையைப் பார்த்தீர்கள்.

"செடியவே கேட்டுட்டு இருந்தனுங்க. தொட்டியக் கேக்கவே இல்ல."

பிளாஸ்டிக் டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்து, புது மண்ணிட்டு, மழைநீர் சேர்த்து ஊற்றினீர்கள். மார்கழியில் ஆளனுப்பி என்னை வரச்சொன்னீர்கள். ஒரு காம்பில் அரிசி அளவில் மணி மணியாகப் பூ. சாயத் துணியை அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, "நம்முளுதுல நீலம் ஒரு சொட்டு கூடிப்போச்சுங்க," என்றீர்கள். நான் பேனாவை எடுத்தேன்.

"எழுதிப் போடாதீங்க தம்பி. நாளைக்கு ஊரே மல்லிகைக்கு ஆசிட் ஊத்தும்."

சித்திரை வெயிலில் செடி கருகியது. நீங்களும் போய்விட்டீர்கள். அச்சேறாத அந்தச் செய்தி மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது, ஒரே வரியாக: திருப்பூரில் ஹெதர் பூத்தது, நான் பார்த்தேன்.