தவளை நெஞ்சும் உன் வீம்பும்

நாகர்கோவிலுக்கு முதன்முதலாக ரயில் வந்த வருஷம் அது. ஊர்ச்சனம் எல்லாம் கோட்டாற்றுப் பக்கம் போய் ரயில் பார்த்து நின்றபோது, நீ என்னைக் கல்லூரியின் பின்வாசல் வழியாக உள்ளே கூட்டிக்கொண்டு போனாய். என் தோளில் ஈரச் சாக்கு, சாக்குக்குள் தவளைகள். அன்று உன் லேபுக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறிய ஸ்பிரிட் வாசனை, இன்று காலையில் இந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் கையைப் பஞ்சால் துடைத்தபோது திரும்ப வந்தது. அப்போதிருந்து கட்டிலில் இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து வராந்தாவில் நடக்கிறேன். தலை கிறுகிறுக்கிறது. வந்து உட்காருகிறேன். உட்கார்ந்தால் மறுபடி நீ.

எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்ல, என் மகள் சாந்தி எழுதுகிறாள். செத்துப்போன ஆளுக்குக் கடிதமா என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே பேனாவையும் எடுத்தாள்.

விஷயம் இதுதான். என் நெஞ்சு மெதுவாகிவிட்டது. வரப்பில் நின்றவன் அப்படியே சேற்றில் விழுந்தேன். பிறகு ஒருநாள் சோற்றுக்கு முன்னால் இருந்தபடியே சரிந்தேன். நெஞ்சுக்குப் பேட்டரி வைக்க வேண்டும் என்கிறார்கள். நாளைக் காலையில் வைக்கலாம், சம்மதமா என்று கேட்டு நிற்கிறார்கள். நான் இன்னும் வாய் திறக்கவில்லை. வாயை அடைத்து வைத்திருப்பது நீதான்.

அந்தக் காலத்தில் நீ கல்லூரி விலங்கியல் லேபில் அட்டெண்டர், நான் உங்களுக்குத் தவளை பிடித்துத் தருகிறவன். மழை விட்ட அந்தியில் வயலில் இறங்கினால் சாக்கு நிறைந்துவிடும். ஆனாலும் ஒருநாளாவது நீ நல்ல வார்த்தை சொன்னதுண்டா? சாக்கைப் பிரித்ததும், "மக்கா, வயலுக்குப் போனியா, இல்ல கெணத்தடியில கெடந்ததப் பொறுக்கிட்டு வந்தியா?" என்பாய். நான் சாக்கைத் திரும்பக் கட்டுவதுபோல் பாவனை செய்வேன். நீ கையைப் பிடித்து நிறுத்துவாய். எப்போதும் வாசலோடு அனுப்பிவிடுகிறவன், ரயில் வந்த அன்று மட்டும் என்னை உள்ளே கூப்பிட்டாய்.

பிள்ளைகள் ரயில் பார்க்கப் போய்விட்டதால் வகுப்பு இல்லை. மறுநாள் காட்ட வேண்டியதை டீச்சர் ஒருமுறை செய்து பார்த்துக்கொண்டிருந்தார். தவளையின் நெஞ்சை வெட்டி எடுத்து, குழாயில் கட்டித் தொங்கவிட்டிருந்தது. நாவல்பழம் அளவுகூட இல்லை. மேலே ஒரு பாட்டிலிலிருந்து உப்புத் தண்ணீர் அதற்குள் சொட்டியது. உடம்பு இல்லை, தலை இல்லை, அது பாட்டுக்குத் துடித்தது. துடிக்கத் துடிக்க ஓர் ஊசி கரி பூசிய தாளில் மேலும் கீழுமாகக் கோடு கீறியது. கல்லூரித் தோட்டக்காரர்கூட மண்வெட்டியை வெளியே சாத்திவிட்டு வந்து எங்களோடு நின்றார்.

டீச்சர் தண்ணீரை மாற்றச் சொன்னார். இதிலும் உப்பு உண்டு, சுண்ணாம்புச் சத்து மட்டும் இல்லை என்றார். கோடு சின்னதாகி, இன்னும் சின்னதாகி, தரைபோல் படுத்துவிட்டது. தோட்டக்காரர் போச்சு என்றார். நான் பிடித்த தவளை என்பதால் எனக்கு என்னவோபோல் இருந்தது. அப்புறம் பழைய தண்ணீரையே விட்டதும், கொஞ்ச நேரம் சும்மா கிடந்துவிட்டு, ஊசி ஒரு நூலளவு தூக்கியது. பிறகு நன்றாகத் தூக்கியது. நீ என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாய்.

அதிலிருந்து உனக்கு ஒரு வீம்பு பிடித்தது. வயசான காலத்தில் உனக்குத் தலைசுற்றல் வந்து டாக்டர் இதே பேட்டரியைச் சொன்னபோது, நீ செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்துவிட்டாய். டீக்கடையில் வைத்து என்னிடம் சொன்னாய்: "வெட்டிப் போட்ட தவளைக்கே தன்னால ஓடிச்சு மக்கா. எனக்கு முழு உடம்பும் கெடக்கு. ஓடாதா?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கண்ணால் பார்த்தவர்கள் நாம், பார்க்காத ஆட்கள் நமக்கு என்ன சொல்ல முடியும் என்றுதான் எனக்கும் தோன்றியது. அந்த மாசம் முடியவில்லை. வடசேரி சந்தையில் ஏத்தன் வாழைக்குலைக்கு விலை பேசிக்கொண்டே சாய்ந்தாய். அது தெரியாமல் குலைக்காரன் விலை சொல்லிக்கொண்டே இருந்தானாம்.

ஆனாலும் மக்கா, நேற்று டாக்டர் பேட்டரி என்றதும் என் வாயில் முதலில் வந்தது உன் பேச்சுதான். சின்ன வயசுப் பெண் அந்த டாக்டர். நான் தவளைக் கதையைச் சொல்ல, நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேட்டாள். தவளையானாலும் மாடானாலும் மனுஷனானாலும் ஒரே வேலைதானாம். நெஞ்சின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் சின்னப் பை இருக்கிறதாம், அதில் கால்சியம், அன்று டீச்சர் சொன்ன அதே சுண்ணாம்புச் சத்து, அடைத்து வைத்திருக்கிறதாம். துடிப்பைக் கிளப்பிவிடுகிற உயிரணுக்களில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். கசிவு ஓர் அளவுக்கு வந்ததும் அடுத்த துடிப்பு கிளம்பும். உடனே பை அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். மறுபடி கசியும். தாயின் வயிற்றில் தொடங்கியது நிற்காமல் நடக்கிறதாம். வயசானால் அந்தக் கசிவு மந்தமாகிவிடும் என்றாள்.

வெற்றிலையில் சுண்ணாம்பைக் கூட்டிப் போட்டால் சரியாகாதா என்று கேட்டேன். "வாய்தான் வேகும் தாத்தா" என்றாள். ரத்தத்தில் கால்சியம் போதுமானது இருக்கிறது, உங்களுக்குக் கெட்டது தாளம்தான், பேட்டரி தட்டிக் கொடுக்கும், அடிக்கப்போவது உங்கள் நெஞ்சுதான் என்றாள். எல்லாம் விளங்கியது. சம்மதம் மட்டும் வாயில் வரவில்லை.

இன்று மத்தியானம் உன் வீட்டுக்காரி கஞ்சி கொண்டுவந்தாள். நான் உன் பேச்சை அவளிடமும் எடுத்தேன். தூக்குப் பாத்திரத்தை மூடிக்கொண்டே கேட்டாள்: "அவியளுக்கு நெஞ்சு நின்னு கெடந்தப்போ எந்தத் தவள வந்து எழுப்பிச்சு அண்ணே?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவள் போன பிறகு மறுபடியும் வராந்தா. கோடி வரை நடப்பதும் சுவரைப் பிடித்து நிற்பதுமாக, அந்த நாளையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நெஞ்சு, ஊசி, கரித்தாள். நாம் இரண்டு பேரும் காலமெல்லாம் பேசியது அவ்வளவுதான். இன்றுதான் மிச்சமும் ஞாபகம் வந்தது. அந்த மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் கிடந்தது, அதன்மேல் நீ ஏறி நின்றாய். பாட்டில் குறையக் குறையத் தண்ணீரை ஊற்றினாய். டீச்சர் காப்பி குடிக்கப் போனபோதும் நீ இறங்கவில்லை. சாயங்காலம் பூட்டுகிற நேரம் வந்து நீ கையை எடுத்தாய், கொஞ்ச நேரத்தில் கோடும் படுத்துவிட்டது. நாம் கதவைச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டோம்.

அது தன்னால் ஓடவில்லை மக்கா. நீ ஊற்றிக்கொண்டே இருந்தாய். ஊற்றிய ஆளே அதைக் கணக்கில் சேர்க்காமல் போய்விட்டான்.

சாந்தியிடம் சொல்லிவிட்டேன், வைக்கட்டும் என்று. அவள் இதை எழுதாமல் என் முகத்தைப் பார்க்கிறாள். எழுது பிள்ளே.

உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். கோபம் இருக்கிறது. கூடவே ஸ்டூல்மேல் கை உயர்த்தி நிற்கிற உன்னையும் வைத்திருக்கிறேன், அதை யாருக்கும் கொடுக்கமாட்டேன். பேட்டரி வைத்து எத்தனை வருஷம் கிடைக்குமோ, அத்தனை வருஷமும் அந்த மத்தியானத்தைச் சொல்ல ஓர் ஆள் இருக்கும். தோட்டக்காரர் முதலில் போனார். டீச்சர் மகன் வீட்டுக்குப் போன இடத்தில் காலமானார். பிறகு நீ. நின்றுபோன நெஞ்சு திரும்ப எழும்பியதைக் கண்ணால் பார்த்தவர்களில் இன்றைக்கு மிச்சம் ஒருத்தன், தவளைக்காரன் செல்லப்பன்.