என் பெயரில் ஒரு புடவைக்கடை

ஜூன் 10, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கொச்சங்காடி முக்கில் முழங்கால் தண்ணீர். பெருநாள் கறி இன்னும் ஃப்ரிட்ஜில். மூன்றாவது நாளாக மதினி அதையே சூடு பண்ணுகிறாள்.

செய்ய வேண்டியது:
பாஸ்போர்ட் காப்பி இரண்டு.
போலீஸ் சர்டிபிகேட் எந்த மட்டில் என்று பார்க்க.
குடைக்கம்பி.
அண்ணனிடம் மஸ்கட் போகும் தேதி சொல்ல. (நாளைக்கு. இல்லை, நாளை மறுநாள்.)

மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை. மூன்று முறை வீடியோவில் முகம் காட்டித் தேறியது. என் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் எழுதித் தரும் தாள் ஒன்றுதான் பாக்கி. 25-க்குள் தராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்களாம். முப்பத்தெட்டு வயதில் என்னை இன்னொரு தடவை யார் கூப்பிடப்போகிறார்கள்.

நாலு மணிக்கு இங்கே நான் வேலை பார்க்கும் லேபிலிருந்து வந்தால் வீட்டு வாசலில் கூட்டம். நடுவில் திருப்பூணித்துறையிலிருந்து வந்த ஒரு அம்மா. பாலக்காட்டுத் தமிழ். கூட அவர் மகன். கையில் பிரித்த பார்சல். அந்த அம்மா கையிலிருந்த தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"இவதான். இதே மூஞ்சி."

மகள் கல்யாணத்துக்கு ஆன்லைனில் முகூர்த்தப் புடவை வாங்கியிருக்கிறார். பார்சலில் வந்தது பழைய பெட்ஷீட். அனுப்பியவர் இடத்தில் என் பெயர், எங்கள் வீட்டு நம்பர். தாளில் என் போட்டோ.

"அம்மா, நான் லேப்ல ரத்தம் எடுக்கிறவ. புடவை விக்கிறவ இல்ல."

"நாளன்னிக்கு முகூர்த்தம், கேட்டுக்கோ. ஆத்துல பொண்ணு அழுதுண்டிருக்கா. தலைல முக்காடும் அடக்கமுமா இருக்கியேன்னு உன் மூஞ்சியப் பாத்துன்னா நம்பினேன்!"

பதினொரு வருஷத்தில் பதினேழு மாப்பிள்ளை வீட்டார் பார்த்து வேண்டாம் என்ற மூஞ்சி. அதே போட்டோ, மதினியின் பச்சைப் புடவையை இரவல் வாங்கி ஸ்டூடியோவில் எடுத்தது. அதைப் பார்த்து நம்புவதற்கும் ஒருத்தர் இருந்திருக்கிறாரே என்று சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது. கூட்டம் அதைத்தான் பார்த்தது.

ஜூன் 11, புதன்

மழை விட்டு வெயில். துணி காயவில்லை.

போனில் தேடினேன். கிடைத்தது. எவனோ கடைக்கு என் முழுப்பெயரையே வைத்திருக்கிறான். பர்வீன் பானு, கல்யாணப் பட்டு. மேலே நான், பச்சைப் புடவையில், பல் தெரியாமல். கீழே வாங்கியவர்கள் எழுதியது. "பார்த்தால் பாவம் போல இருக்கிறாள், படுகள்ளி." "இந்தப் பெண்பிள்ளை நன்றாக இருக்குமா?" ஒருத்தி மட்டும் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறாள். அவளும் அவன் ஆளாகத்தான் இருப்பாள்.

அந்த ஆன்லைன் கம்பெனிக்குப் போன். தமிழுக்கு நான்கை அழுத்தினேன். இருபது நிமிஷம் பாட்டு. பிறகு ஒரு பையன்.

"மேடம், ஆதார் கொடுத்துத் திறந்த கடை. மூடணும்னா அக்கவுண்ட் ஓனர்தான் சொல்லணும்."

"என் பேர், என் போட்டோ, என் ஆதார். ஓனர் நான்தானே?"

"அப்போ ரெஜிஸ்டர் பண்ணின நம்பருக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க மேடம்."

"அது திருடனோட நம்பர்."

"ஓடிபி இல்லாம நீங்கதான் அவங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்?"

நான் நான்தான் என்று திருடன் சாட்சி சொல்ல வேண்டும். நல்ல சட்டம்.

சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் பக்கத்து வீட்டு இத்தா, யாரிடமோ, நான் வருவது தெரியாமல்: "தீயில்லாதே புக உண்டாவுமோ?" நெருப்பில்லாமல் புகையாதாம். என்னைப் பார்த்ததும், "மோளே, சாயா குடிச்சோ?" குடித்தேன் என்றேன்.

ஜூன் 13, வெள்ளி

அரை நாள் லீவு. சைபர் ஸ்டேஷன். வைட்டிலாவில் இறங்கி அடுத்த பஸ். சீட்டில் யாரோ மரவள்ளிக் கப்பை வறுவல் கொட்டிவைத்திருந்தார்கள், சுரிதார் முழுக்க எண்ணெய்.

எஸ்.ஐ. ஒரு பெண். என்னைவிட இளையவர். "பேடிக்கண்டா, இரிக்கு" என்றார். உட்கார்ந்தேன், பயம் போகவில்லை. பதமாகத்தான் பேசினார், சொன்ன விஷயம் பதமாக இல்லை. திருப்பூணித்துறை அம்மாவும் இன்னும் இரண்டு பேரும் புகார் கொடுத்திருக்கிறார்கள். மூன்றிலும் எதிராளி பர்வீன் பானு. இது முடியாமல் என் சர்டிபிகேட்டில் "வழக்கு இல்லை" என்று எழுத முடியாது.

கடை திறக்கக் கொடுத்த ஆதாரைக் கம்பெனியிடமிருந்து வாங்கி வைத்திருந்தார். திரையைத் திருப்பிக் காட்டினார். என் கார்டுதான். ஆனால் காப்பி இல்லை, அசல் கார்டைப் போனில் எடுத்த படம்.

எழுதிவைக்கிறேன், நாளைக்கு நானே மறுத்துவிடக் கூடாது. நான் ஆதார் காப்பி யாருக்குக் கொடுத்தாலும் குறுக்கே பேனாவால் எழுதிக் கொடுப்பவள். "சிம் கார்டுக்கு மட்டும்." "பேங்குக்கு மட்டும்." கீழே தேதி. லேபில் இதற்காகவே என்னை 'மட்டும்' என்று கூப்பிடுகிறார்கள். இந்தப் படத்தில் குறுக்கே ஒரு கோடு இல்லை. கார்டின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மேசை தெரிந்தது. மேசையில் பிளாஸ்டிக் விரிப்பு. விரிப்பில் ஊதாத் திராட்சைக் குலை, ஒரு பழத்தின் மேல் சூடு பட்ட ஓட்டை.

அந்த ஓட்டை நான் போட்டது. போன நோன்புக்குக் கஞ்சிச் சட்டியை அப்படியே இறக்கிவைத்தேன்.

"ஏதாவது ஞாபகம் வருதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஸ்டேஷனில் உட்கார்ந்து சொன்ன முதல் பொய்.

ஜூன் 14, சனி

வீட்டில் ஆட்கள் நாலு பேர். நான், அண்ணன், மதினி, அவர்கள் மகள் ஆயிஷா. ஆயிஷா காலேஜ் ஹாஸ்டலில், பெருநாளுக்கு வந்தாள், போய்விட்டாள். கணக்குப் போட அதிகம் இல்லை.

மத்தியானம் அண்ணன் சாக்குக் கடையிலிருந்து சாப்பிட வந்தார். திராட்சையின் மேல் தட்டை வைத்தேன். சோறு போட்டேன். பிறகு கேட்டேன்.

"என் ஆதாரைப் படம் எடுத்து யாருக்கு அனுப்புனீங்க?"

யாருக்கும் இல்லை என்று சொல்வார் என்று பார்த்தேன். மீன்முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"புரோக்கர் மஜீதுக்கு. மாப்பிள்ளை வீட்டுல வயசுக்கு ப்ரூஃப் கேட்டாங்க."

"எந்த மாப்பிள்ளை?"

"கொல்லத்துல ஒரு கல்யாண ஆலோசனை. இந்த நோன்புல வந்துச்சு. உன்கிட்ட சொன்னா வேண்டாம்பே."

ஆமாம், வேண்டாம் என்பேன். இனிமேல் என் போட்டோவை யாருக்கும் அனுப்பாதீர்கள் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் அழுது சொன்னேன். தலையாட்டினார். பயோடேட்டாவில் வயது முப்பத்து நாலு என்று போட்டு ஊரெல்லாம் சுற்றவிட்டிருக்கிறார். முப்பத்து நாலு என்று சொன்னதை அவர்கள் நம்பவில்லை. நிரூபிக்க அசல் கார்டையே அனுப்பியிருக்கிறார், அதில் முப்பத்தெட்டு! இப்படி ஒரு அறிவாளியை நான் பார்த்ததில்லை. கொல்லத்துக்காரர்கள் அன்றைக்கே ஓடிவிட்டார்கள். கார்டு ஓடவில்லை.

"எல்லாரும்தானே அனுப்புறாங்க? உன் நன்மைக்குத்தானே செஞ்சேன்" என்றார்.

அத்தா மவுத்தாகி, அப்பா இல்லாத பெண்ணாக நின்றபோது எனக்குப் பத்தொன்பது. லேப் படிப்புக்குப் பணம் கட்ட அண்ணன் தன் பைக்கை விற்றார். ஒவ்வொரு பெருநாளுக்கும் அதைச் சொல்லவும் செய்வார். சொன்னாலும் விற்றது விற்றதுதான். அதனால்தான் தட்டை எடுத்து அவர் மேல் கவிழ்க்கவில்லை. மோர் வேணுமா என்று கேட்டேன்.

ஜூன் 16, திங்கள்

லேபில் கூட்டம். ஒரு குழந்தைக்கு நரம்பு கிடைக்க மூன்று குத்து. அதன் அம்மா என் பேட்ஜைப் படித்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று குத்துக்காகவா, பெயருக்காகவா?

வரும் வழியில் மஜீத். கொச்சங்காடி சாயாக்கடை பெஞ்சுதான் அவர் ஆபீஸ். கோபமே வராத மனிதர்.

"நான் நம்ம குரூப்புல போட்டேன் மோளே. எல்லா ஊர் புரோக்கர்மாரும் இருக்காங்க. அதுல எந்த ஹிமாறு, எந்தக் கழுதை எடுத்தான்னு நான் எங்க போய்த் தேட?"

"அசல் கார்டையா குரூப்புல போடுவாங்க?"

"வயசு மறைக்கிறதில்லன்னு தெரியணுமில்ல? இங்க பாரு, எல்லாம் போடுறதுதான்."

போனைக் காட்டினார். விரலால் தள்ளத் தள்ள ஆதார், ஆதார், ஆதார். எல்லாம் பெண்கள். கட்டில் மேல், தரை மேல், ஒன்று அரிசி முறத்தில். மாப்பிள்ளைகளின் கார்டு எங்கே என்று கேட்டேன். "ஆம்பளைகளோடத யாரு மோளே கேக்கப்போறா?" சாயா சொல்லட்டுமா என்றார். வேண்டாம்.

ஜூன் 17, செவ்வாய்

மழை. இடது செருப்பு வார் அறுந்தது.

எஸ்.ஐ.க்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். வழி இருக்கிறது என்றார். ஆதாரை அனுப்பியவர் வந்து, நான்தான் அனுப்பினேன், இன்னாருக்கு அனுப்பினேன் என்று எழுதிக் கொடுத்தால் மஜீதைக் கூப்பிடலாம், குரூப்பைப் பார்க்கலாம். நான் ஏமாற்றப்பட்டவள் என்று ரிப்போர்ட் மாறும். சர்டிபிகேட் 25-க்குள் கிடைத்தாலும் கிடைக்கும்.

ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.

அண்ணன்: "ஸ்டேஷன்லயா? நானா? ஆயிஷாக்கு இப்பதான் ஆலோசனை வரத் தொடங்கிருக்கு. அவ அத்தா போலீஸ் ஸ்டேஷன் ஏறுனவன்னு தெரிஞ்சா அவளை யாரு கட்டுவா?"

"என் பேர் இப்ப அங்கதான் இருக்கு அண்ணே. மூணு கேஸ்ல."

"உனக்கு இனி யாரு ஆலோசனை கொண்டுவரப் போறா?"

சொன்ன பிறகு அவருக்கே என்னவோ போலாகிவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். மதினி பாத்திரம் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்: "இந்த வயசுல மஸ்கட் போய் என்னத்தச் சம்பாதிக்கப் போறீங்க? இங்க உங்களுக்கு என்ன குறை?"

குறை ஒன்றும் இல்லை. கூடத்தில் ஒரு கட்டில், அலமாரியில் ஒரு தட்டு, வரும் விருந்தாளிகளுக்கெல்லாம் "இன்னும் ஒண்ணும் அமையல" என்ற அறிமுகம். எனக்கு அந்த மஸ்கட் வேண்டும். அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. அதற்காகவே வேண்டும்.

ஜூன் 18, புதன்

திருப்பூணித்துறை அம்மா போன் செய்தார். நம்பரை ஸ்டேஷனில் வாங்கினாராம். கல்யாணம் முடிந்தது. மகள் சித்தியின் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எஸ்.ஐ. சொன்னா. நீ இல்லைன்னு தெரியறது. அன்னிக்கு வாசல்ல நின்னுண்டு கத்தினது தப்பு. மன்னிச்சுக்கோ."

"அப்ப புகாரை வாபஸ் வாங்கிக்கிறீங்களாம்மா?"

பின்னால் யாரோ தேங்காய் துருவும் சத்தம்.

"அதெப்படி வாங்கறது? ஏமாந்தது நிஜமாச்சே. என்கிட்ட உன் பேர் ஒண்ணுதான் இருக்கு. வேற பேர் இருந்தாச் சொல்லு, அத எழுதிக் குடுக்கறேன்."

கோபம் வரவில்லை. நியாயமான பேச்சு. பத்து நாளில் நியாயமாகப் பேசிய ஒரே ஆள், என்னைத் திருடி என்றவர்தான்.

சாயங்காலம் எஸ்.ஐ.யிடம் கேட்டேன், அண்ணன் வராவிட்டால் என்ன வழி. "நீங்க எழுதிக் கொடுங்க. யார் அனுப்பினது, பேரு, அட்ரஸ். அவரோட ஐடி காப்பி ஒண்ணு சேத்து வையுங்க. பின்னே நாங்க வீட்டுக்கு வந்து கூப்பிட்டுக்கிறோம்." வீட்டுக்கு என்றால் ஜீப்பில். இதே வாசலில், இதே கூட்டத்தின் முன்னால்.

பைக் கறுப்பு நிறம். அத்தா வாங்கிக் கொடுத்தது. விற்றுவிட்டு வந்த அன்றைக்கு அண்ணன் தோப்பும்படியிலிருந்து நடந்தே வந்தார்.

நாளைக்கு வியாழன். பிறகு ஆறு நாள்.

ஜூன் 19, வியாழன்

மழை இல்லை. லீவு சொல்லிவிட்டேன்.

வாக்குமூலம் இரண்டு பக்கம், மலையாளத்தில். காலையிலேயே எழுதி முடித்தாயிற்று. அண்ணன் பெயர் வருகிற இடத்தில் கை நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அண்ணன் கடைக்குப் போனபின் மதினியிடம் கேட்டேன்.

"மதினி, அண்ணனோட ஆதார் காப்பி ஒண்ணு வேணும்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து போய் மேசை இழுப்பறையைத் திறந்தாள். ஆயிஷாவின் ஆலோசனைக்கு என்று ஐந்தாறு காப்பி எடுத்துவைத்திருக்கிறாள். ஆயிஷாவின் கார்டும் அங்கேயே, அசல், பயோடேட்டாவோடு. அதற்கு அடியிலிருந்து ஒரு காப்பியை உருவி நீட்டினாள்.

"ஒண்ணு போதுமா?"

எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன்.

திராட்சையின் மேல் வைத்துக் குறுக்கே தமிழில் எழுதினேன். மதினி பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மலையாளம் மட்டும் படித்தவள். இந்தக் குறிப்பையும் அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

"என்ன எழுதுறீங்க?"

"வழக்கமா எழுதுறதுதான்."

சைபர் போலீசுக்கு மட்டும். 19 ஜூன்.